நெய்தலுக்குப் போயிருந்தோம்

ஒரே கல்லூரியில், ஒரே துறையில் தமிழ் கற்பிக்கும் கணவன் மனைவி நாங்கள். மதுரைக்குத் தெற்கே கரிசல் மண்ணில் இருக்கிறது எங்கள் கல்லூரி. கண்மாய் நிறைந்தால்தான் அங்கே நீர்ப்பரப்பு என்ற ஒன்றைக் காண முடியும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இருபது ஆண்டுகளாக நெய்தல் திணையை நடத்தி வருகிறோம். கரும்பலகையில் அட்டவணை போடுவோம். நிலம், கடலும் கடல் சார்ந்த இடமும், பொழுது, எற்பாடு, மரம், புன்னையும் ஞாழலும், மக்கள், பரதவர், நுளையர், அளவர், தொழில், மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும், உரிப்பொருள், இரங்கல். பத்து நிமிடத்தில் ஒரு நிலமே முடிந்துவிடும்.

கடலைப் பார்த்ததே இல்லையா என்று நண்பர்கள் கேட்கலாம். பார்த்திருக்கிறோம். இராமேசுவரத்தில் தீர்த்தமாடியிருக்கிறோம், திருச்செந்தூரில் கால் நனைத்திருக்கிறோம். ஆனால் அங்கெல்லாம் கோயிலுக்குப் போனோமே தவிரக் கடலுக்குப் போகவில்லை. ஒரு கடற்கரையில் காலையும் மாலையும் இருந்து பார்ப்பது என்பது நாற்பது வயதைக் கடந்த பிறகு, சென்ற தை மாதத்தில்தான் வாய்த்தது. அதுவும் ஒரு திருமணத்தின் பெயரால்.

திருவான்மியூரில் உறவினர் வீட்டுத் திருமணம் ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் வெள்ளிக்கிழமை காலையிலேயே போய் இறங்கிவிட்டோம். எங்கள் பிள்ளைகள் இருவரிடமும் ஒரு பட்டியல் இருந்தது: கடற்கரை, கடை, சாப்பாடு. எங்களிடமும் ஒரு பட்டியல் இருந்தது: நூலகம், கோயில். இரண்டு பட்டியலையும் ஒட்டிப் பார்த்தபோது திருவான்மியூரும் அதற்கு வடக்கே இருக்கும் பெசன்ட் நகருமாகச் சேர்த்து எல்லாமே மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கிவிட்டன. இதனால் வீட்டில் பெரிய சச்சரவு ஒன்று தவிர்ந்தது.

பெசன்ட் நகரின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வடக்கே அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். அதையொட்டிப் பிரம்மஞான சபையின் பெருந்தோப்பு. அந்தச் சபை 1882இல் இங்கே வந்து தங்கியது. அதன் தலைவராக இருந்த அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயரால்தான் பின்னாளில் வீட்டுவசதி வாரியம் அமைத்த இந்தக் குடியிருப்புக்குப் பெசன்ட் நகர் என்று பெயர் வந்தது. கடற்கரைக்கு எலியட் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயர். இந்த நகர் வருவதற்கு முன்பே இருந்தவை மீனவர் குப்பங்கள். வடகோடியில் ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும், தெற்கே ஓடைக் குப்பமும் இன்றும் இருக்கின்றன. ஆல்காட் என்பது அதே சபையை நிறுவியவர்களில் ஒருவரின் பெயர். ஆக, இந்தக் கரையில் பெரும்பாலான பெயர்கள் கடல் கடந்து வந்தவை. ஊரூர் என்ற பெயர் மட்டும் ஊரிலேயே பிறந்தது.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் பட்டியலின்படி கழிந்தது. அருண்டேல் கடற்கரைச் சாலையில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம் இருக்கிறது. ஐயரவர்கள் 1942இல் மறைந்தார்கள். அடுத்த ஆண்டே, 1943இல், ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியால் இந்த நூல்நிலையம் தொடங்கப்பெற்றது. ஐயர் ஊர் ஊராக அலைந்து திரட்டிய சுவடிகள், அவர் கையாண்ட அச்சு நூல்கள், குறிப்பேடுகள் எல்லாம் இங்கே பாதுகாக்கப்படுகின்றன. சுவடிகள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். தமிழ் படித்துச் சோறு தின்கிறவர்கள் வாழ்நாளில் ஒரு முறையேனும் வந்து நிற்க வேண்டிய இடம் என்று பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். சொல்லிக்கொண்டிருந்தோமே தவிர வந்ததில்லை.

பத்துப்பாட்டு 1889, புறநானூறு 1894, ஐங்குறுநூறு 1903, குறுந்தொகை 1937 என்று ஐயர் பதிப்புகளின் ஆண்டுகளை மனப்பாடமாகச் சொல்வோம். ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் ஓலை எத்தனை மெல்லியது என்பது அருகில் போய் நின்றபோதுதான் உறைத்தது. ஒரு விரற்கிடை அகலம். எழுத்தாணியின் கீறல். ஓரங்களில் பூச்சி தின்ற துளைகள். ஐங்குறுநூற்றில் நெய்தலுக்கான நூறு பாடல்களையும் பாடியவர் அம்மூவனார். அவர் பாடிய கடற்கரை இப்படிப்பட்ட ஓலைகளில் ஏறி, எங்கெங்கோ உள்நாட்டு ஊர்களின் பரண்களில் நூற்றாண்டுகள் கிடந்து, கடைசியில் மீண்டும் ஒரு கடற்கரைக்கு வந்து சேர்ந்த சங்கதியின் ஒரு பகுதிதான் இந்தக் கட்டடம் என்று பேசிக்கொண்டோம். பிள்ளைகள் வாசலில் நின்றுகொண்டு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடல் அங்கிருந்து நடந்து போகிற தூரம்.

அந்த அறையில் நின்றபோது எங்களுக்கு ஒரு மாணவன் நினைவுக்கு வந்தான். அவனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் இளங்கலை முதலாண்டில் இருந்தான். இராமநாதபுரம் கரையோரத்துச் சிற்றூர்ப் பையன். நாங்கள் கொடுக்கும் குறிப்பில், "நெய்தல் நில மக்கள் மீன் பிடித்தும் உப்பு விளைத்தும் வாழ்ந்தனர்" என்று ஒரு வரி உண்டு. அந்த வரியைச் சொல்லி எழுதச் செய்தபோது அவன் எழுந்து நின்றான்.

"வாழ்ந்தனர்னு இருக்கே. நாங்க இன்னமும் அங்கதான இருக்கோம்?"

வகுப்பு சிரித்தது. நாங்களும் சிரித்தோம். "தேர்வில் இப்படி எழுது, மதிப்பெண் வரும், உட்கார்" என்றோம். எங்கள் இருவரில் அந்த வகுப்பை எடுத்தவர் யார் என்பது முக்கியமில்லை. மற்றவர் எடுத்திருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார். அன்று மாலை வீட்டில் இதைச் சொல்லிச் சேர்ந்து சிரித்தது நினைவிருக்கிறது. அவன் மூன்றாண்டும் படித்து முடித்தான். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு வகுப்பில் அவன் குரலை நாங்கள் கேட்கவில்லை. அதை அப்போது கவனிக்கவும் இல்லை.

நண்பகலுக்கு மேல் பிள்ளைகளின் பட்டியல். முதலில் கடை. 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திரத்தின் நெசவுப் பிரிவு திருவான்மியூரில் இருக்கிறது. அகலக் கரையும் அழுத்தமான நிறமுமாகக் கலாக்ஷேத்திரச் சேலைக்கென்று தனி முகம் உண்டு. தறியில் உட்கார்ந்து நெய்வதை நின்று பார்த்தோம். எங்களில் ஒருவர் சேலையைத் தொட்டுப் பார்த்தார். மற்றவர் விலைச்சீட்டைத் தொட்டுப் பார்த்தார். நெய்தவரின் உழைப்பைக் கண்ணால் பார்த்த பிறகு விலை அதிகம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கவும் கை வரவில்லை.

பிறகு பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலை. அந்தச் சாலையையும் அதன் பின்புறத் தெருக்களையும் சென்னையின் இளைஞர் உலகம் என்றே சொல்லலாம். காபிக் கடைகள், பனிக்கூழ் கடைகள், ஆயத்த ஆடைக் கடைகள், இட்லி தோசைக் கடைகள். மதுரைப் பெயர் சொல்லி இட்லி விற்கும் இடத்தைப் பார்த்ததும், நானூற்று ஐம்பது கிலோமீட்டர் வந்து மதுரை இட்லி தின்பதா என்று பிள்ளைகள் எங்களை இழுத்துக்கொண்டு ஒரு காபிக் கடைக்குள் போனார்கள். உள்ளே குளிர், மங்கிய விளக்கு, ஆங்கிலப் பாட்டு. நான்கு பேருக்குக் குளிர்ந்த காபி, வரியோடு சேர்த்து 760 ரூபாய். ஒரு சொல் பேசாமல் கொடுத்துவிட்டு, மீதியைக் காகிதக் குவளையில் ஏந்தியபடி வெளியே வந்தோம். அந்தத் தொகையை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

கடற்கரையின் காட்சிப் பொருள்களை வரிசையாகப் பார்த்தோம். தெற்கே அட்டலட்சுமி கோயில், 1970களில் எழுந்தது; அலையோசை கேட்கும் தொலைவில் அடுக்கடுக்காக ஏறி இறங்கித் திருமகளின் எட்டு வடிவங்களையும் தரிசிக்கலாம். அதற்குச் சற்று முன்னால் வேளாங்கண்ணி அன்னை ஆலயம். ஆகஸ்டு இறுதியில் கொடியேறிச் செப்டம்பர் 8 அன்று முடியும் அதன் திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்து வருகிறவர்களின் கூட்டம் நகரையே நிறைக்கும் என்று உறவினர் சொன்னார்கள். மணலுக்கு நடுவே வெள்ளையாக ஒரு வளைவுக் கட்டடம் தனியே நிற்கிறது. திரைப்படங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிய ஷ்மிட் என்ற டென்மார்க்குக்காரருக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் அது. பெயர் தெரியாத ஊரில், பெயர் தெரியாத மனிதர்களுக்காக உயிர் கொடுத்தவர். சற்று நேரம் அங்கே நின்றோம்.

மாலையில் சுண்டல், மிளகாய் பஜ்ஜி, சுட்ட சோளம், முறுக்கு சாண்ட்விச் என்று வண்டிகள் வரிசை கட்டின. முறுக்கை இரண்டாகப் பிளக்காமல் இரண்டு முறுக்குகளுக்கு நடுவே காய்கறியும் சட்னியும் வைத்துத் தருகிறார்கள், நல்ல கற்பனைதான். பொம்மைத் துப்பாக்கியால் பலூன் சுடுகிறவர்கள், சோழி மாலை விற்கிறவர்கள், குதிரைச் சவாரி. மகளுக்குச் சோழி மாலை ஒன்று வாங்கினோம்.

அப்போதுதான் ஒரு பாடம் கிடைத்தது. எற்பாடு என்பதற்கு எல் என்றால் ஞாயிறு, பாடு என்றால் சாய்தல் என்று பிரித்துச் சொல்லிக் கொடுப்போம். சொல்லும்போது எங்கள் மனக்கண்ணில், கடலுக்குள் சிவந்து இறங்கும் சூரியன் தோன்றும். நாட்காட்டிப் படங்கள் பழக்கிய சூரியன் அது. இங்கே, இந்தக் கீழைக்கரையில், சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால், அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் இறங்கியது. முன்னால் கடல் நிறம் மாறிக்கொண்டே போனது. முதலில் நீலம், பிறகு ஈயம், பிறகு வெறும் ஓசை. எந்தச் சிவப்பும் இல்லை. தலைவி இரங்குவதற்கு ஏன் இந்தப் பொழுதை வைத்தார்கள் என்பது இருபது ஆண்டு கழித்துக் கொஞ்சம் புரிந்தது. இங்கே பொழுது சாயும்போது முதலில் காணாமல் போவது கடல்தான். கடலுக்குள் போனவனும் அதோடு காணாமல் போகிறான்.

பசி எடுத்தது. ஓடைக் குப்பத்துப் பக்கம் மீன் வறுத்துத் தரும் சிறு கடைகள் இருக்கின்றன. ஒரு பலகை, மண்ணெண்ணெய் மணம் மாறாத ஓர் அடுப்பு, மசாலா தடவி அடுக்கிய மீன்கள். வஞ்சிரத் துண்டு, சங்கரா, நெத்திலி, கிழங்கான். எங்கள் மகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். புலவு நாற்றம் என்று பாட்டில் வந்தால் அதை எத்தனை நயத்தோடு விளக்குவோம் என்பது நினைவுக்கு வந்து, அவளைக் கடிந்துகொள்ள முடியாமல் நின்றோம்.

கடையில் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் இருந்தார். கிழங்கான் ஒரு தட்டு 120 ரூபாய் என்றார். இரண்டு தட்டு கேட்டோம். கேட்டதோடு நிற்காமல், "இருநூறு தருகிறோம், சரிதானே அம்மா?" என்றோம். யாரும் சொல்லித் தராமலே வாயில் வந்துவிட்டது அந்தப் பேரம்.

அவர் எங்கள் மகன் கையிலிருந்த காகிதக் குவளையைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. எண்ணெயில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"அந்தக் காபிக்கு இன்னா குட்த்தீங்கோ சார்? அங்க கொறச்சிக் கேட்டீங்களா?"

பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. 760 ரூபாயை மறுபேச்சில்லாமல் கொடுத்த கை, விடியற்காலையில் ஒருவர் கடலுக்குள் போய்ப் பிடித்து வந்ததற்கு 40 ரூபாய் குறைக்கச் சொல்கிறது. பரதவர் வாழ்க்கையைப் பற்றி ஆய்வரங்கில் கட்டுரை படித்தவர்களின் கை அது. "தப்புதான் அம்மா" என்றோம். "அட, வுடு சார். எல்லாரும் கேக்குறதுதான்" என்று சொல்லிவிட்டு, ஒரு மீனைக் கூடுதலாகத் தட்டில் வைத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கூட்டம் குறைவாக இருந்ததால் பேசிக்கொண்டு நின்றோம். இன்று மீன் குறைவு என்றார். "வாடை அடிக்குது. தண்ணி வண்ணியா கீது" என்றார். வாடை தெரிந்த சொல். பிரிந்தவரை வருத்தும் வடகாற்று என்று அதற்கு உரை எழுதியிருக்கிறோம். வண்ணி தெரியவில்லை. கேட்டோம். வடக்கேயிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம் வண்ணியாம். தெற்கேயிருந்து வடக்கே ஓடினால் தெண்டியாம். காற்றையும் ஓட்டத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் வலை இறக்குவது. எந்த ஓட்டத்தில் எந்த மீன் வரும், எப்போது வலை சுருண்டுவிடும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். எங்களிடம் எழுதுகோல் இருந்தது, எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை. பெயரகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரில் ஒருவர் நிற்பதுபோல் இருந்தது.

வெள்ளைக்காரர் நினைவுச் சின்னத்தைப் பார்த்தோம் என்று மகன் சொன்னான். "நல்லவரு போல" என்றார். "இங்க கீழ இழுப்பு ஜாஸ்தி. எங்க புள்ளைங்க எத்தினி பேர இஸ்துனு வந்துகீதுங்க தெரியுமா? அதுக்கெல்லாம் யாரு கல்லு வெக்கறது" என்று சிரித்தார்.

சுனாமியைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. அதைக் கேட்பது முறையில்லை என்று இருவருமே நினைத்தோம். அவராகவே சொன்னார். 2004 டிசம்பர் 26. "அன்னிக்கு ஞாயித்துக்கெழம" என்றுதான் தொடங்கினார். கணவர் விடியலுக்கு முன் கடலுக்குப் போயிருக்கிறார். காலையில் அலை வந்து கரையில் இருந்த படகுகளையும் வலைகளையும் வாரிக்கொண்டு போயிற்று. குப்பத்தில் எல்லோரும் ஊருக்குள் ஓடியிருக்கிறார்கள். இவர் போகவில்லை.

"எல்லாரும் வா வான்றாங்க. எங்க போறது? அவரு உள்ள கீறாரு. நான் இங்கியே குந்திக்கினேன். பொழுது சாயற நேரத்துக்குத்தான் வந்தாரு. உள்ள ஒண்ணுமே தெரியலயாம் அவங்களுக்கு. இன்னாடி ஊரே இப்டி கீதுன்றாரு என்னியப் பாத்து."

இதைச் சொல்லி மறுபடியும் சிரித்தார். அடுப்பைத் தணித்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நெய்தல், எற்பாடு, இரங்கல் என்று மூன்று கட்டங்களில் எழுதிப்போடும் அட்டவணை ஒரு மனுஷியாக எதிரே நின்று மீன் வறுத்துக்கொண்டிருந்தது. 240 ரூபாயைக் கொடுத்தோம். கூடக் கொடுக்கவும் துணிவு வரவில்லை.

"சாயங்காலம் வந்து இன்னா பாப்பீங்க? விடிகாலம் வாங்க. அதான் எங்க நேரம்" என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் சனிக்கிழமை ஆறு மணிக்கே போனோம். பிள்ளைகளும் முணுமுணுக்காமல் வந்தார்கள். கண்ணாடியிழைப் படகுகள் ஒவ்வொன்றாக அலையைத் தாண்டிக் கரையேறிக்கொண்டிருந்தன. கட்டுமரம் ஒன்றிரண்டுதான் கண்ணில் பட்டது. வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுக்கும் வேலை மணலிலேயே நடந்தது. பெண்கள் கூறு போட்டார்கள், ஏலம் கேட்டார்கள். இரவில் உயிரற்ற இடம் போலத் தோன்றிய கரை அது. சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. கடற்கரையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று எழுதிய பலகைக்குக் கீழே, முந்திய மாலை நாங்கள் எல்லோரும் தின்று போட்டுவிட்டுப் போன காகிதத் தட்டுகள் கிடந்தன.

சற்றுத் தள்ளி, வலையடைப்புக்குள் ஆமை முட்டைகளைப் புதைத்து வைத்திருந்தார்கள். பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவம் அது. 1980களின் இறுதியிலிருந்து மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஆண்டுதோறும் இந்தப் பருவத்து இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து, நாய்க்கும் மனிதருக்கும் தப்பும்படி முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். குஞ்சுகள் பொரிந்ததும் கடலில் விடுகிறார்கள். அகநானூற்றில் ஆமை மணலில் முட்டையைப் புதைத்து வைக்கும் காட்சி வரும். ஆண் ஆமை காவல் இருப்பதாக அப்பாட்டுச் சொல்லும். உண்மையில் தாய் புதைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும், காவல் கிடையாது. இப்போது அந்தக் காவலை இருபது வயதுப் பிள்ளைகள் செய்கிறார்கள். அத்தனைக்குப் பிறகும் 2025 சனவரியில் சென்னைக் கரையோரம் இந்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. பாட்டில் இருக்கும் ஆமையைக் காப்பாற்ற ஒரு பதிப்பாசிரியர் போதும். கரைக்கு வரும் ஆமைக்கு அது போதாது.

திரும்பும் வழியில் திருவான்மியூர் மருந்தீசர் கோயில். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். இறைவன் மேற்கு நோக்கி அமர்ந்திருக்கிறார். அகத்தியருக்கு இங்கே மருந்துகளைப் பற்றி அருளினார் என்பது தல வரலாறு. சம்பந்தர் இத்தலத்தில் பாடியவற்றுள் ஒரு பதிகம் வினாவுரை. இறைவனைப் பார்த்து, இது ஏன், அது ஏன், சொல்வீராக என்று பாட்டுக்குப் பாட்டு கேள்வியாகவே அடுக்குகிறார் அந்தப் பிள்ளை. அதை ஓதி ஓதி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகப் போற்றுகிறோம். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்டபோது உட்கார் என்றோம். கோயிலில் எங்களுக்கு வேறு வேண்டுதல் எதுவும் தோன்றவில்லை.

ஊர் திரும்பியதும் அந்த மாணவனின் எண்ணைப் பழைய வருகைப் பதிவேட்டிலிருந்து தேடி எடுத்து அழைத்தோம். எண் பயன்பாட்டில் இல்லை. அவனோடு படித்த ஒருவரைக் கேட்டதில், ஊரில்தான் இருக்கிறான், அப்பாவோடு கடலுக்குப் போகிறான் என்று மட்டும் தெரிந்தது. மே விடுமுறையில் நேரில் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம். போனால் என்ன சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

குறிப்பைத் திருத்திவிட்டோம். "வாழ்ந்தனர்" என்ற இடத்தில் "வாழ்கின்றனர்" என்று போட்டோம். ஒரு சொல்லை மாற்ற இருபது ஆண்டு ஆகியிருக்கிறது. திருத்திய குறிப்போடு முதலாண்டு வகுப்புக்குப் போய், கடற்கரை ஊர்களிலிருந்து வந்திருப்பவர்கள் யாராவது உண்டா என்று கேட்டோம். தயங்கித் தயங்கி இரண்டு கைகள் உயர்ந்தன. ஒரு பெண், ஒரு பையன். வண்ணி, தெண்டி என்ற சொற்கள் உங்கள் ஊரில் உண்டா என்று கேட்டோம். அந்தப் பெண் தன் ஊரில் வழங்கும் காற்றுப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். இந்த முறை எழுதிக்கொண்டோம்.

சென்னைக்குச் செல்லும் நண்பர்கள் பெசன்ட் நகருக்கு அவசியம் போய் வாருங்கள். நூல்நிலையத்தைப் பாருங்கள், சேலை வாங்க வசதியிருந்தால் வாங்குங்கள், முறுக்கு சாண்ட்விச் தின்று பாருங்கள். மாலையில் போவதோடு நிற்காமல் விடியலிலும் ஒரு முறை போங்கள். மீனுக்கு மட்டும் பேரம் பேச வேண்டாம்.